78 லட்சமும் ஒரு வேலை உத்தரவும்

தாராவி 90 அடி சாலையில் நான் டீ குடிக்கும் கடைக்குப் பக்கத்துச் சந்தில் ஓர் அம்மா இருக்கிறார். விடியுமுன் எழுந்து இட்லி அவித்து, சட்னி அரைத்து, வீட்டுக்காரர் கையில் அலுமினிய அண்டாவைக் கொடுத்து மாட்டுங்கா பக்கம் அனுப்பிவிடுவார். சொந்த ஊர் கோவில்பட்டிக்குப் பக்கம். ஒரே பையன், பத்தாம் வகுப்பு. ஹாக்கி ஆடுகிறான். சனி ஞாயிறுகளில் முதுகில் மட்டையோடு மாஹிம் ஸ்டேஷனுக்கு நடந்துபோய், சர்ச்கேட் ரயிலைப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

போன வாரம் கட்டிங் டீயைக் கையில் வாங்கி ஒரு மிடறு உள்ளே போகவில்லை. வந்து நின்றார்.

"அண்ணாச்சி, ஹாக்கியில ஒருத்தர எழுபத்தெட்டு லட்சத்துக்கு ஏலம் எடுத்தாவளாமே, நெசமா?"

"நெசம்தான்மா."

"அப்ப இவனையும் எடுப்பாவளா?"

பையன் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் மட்டை பிடித்தவன் இல்லை. செம்பூரில் குடியிருந்த காலத்தில் ஆர்.சி.எஃப். உரக் கம்பெனிக் குடியிருப்புப் பக்கம் ஆட்டம் பார்த்துப் பார்த்து ஒட்டிக்கொண்ட பைத்தியம், அவ்வளவுதான். ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு கட்டிங்கில் பதில் முடியாது என்று தெரிந்தது. அவருக்கும் சேர்த்து இன்னும் இரண்டு சொன்னேன். அன்றைக்கு அவரிடம் சொன்னதையும், சொல்ல வந்து விட்டுப்போனதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த 78 லட்சம். 2024 அக்டோபரில் டெல்லியில் ஹாக்கி இந்தியா லீக் ஏலம் நடந்தது. ஏழு வருஷம் நின்றுகிடந்த லீக் திரும்பவும் எழுந்த நேரம். அதில் சூர்மா அணி ஹர்மன்பிரீத் சிங்கை 78 லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. அந்த ஏலத்தின் உச்சம் அதுதான். அதற்கு இரண்டு மாதம் முன்பு பாரிஸ் ஒலிம்பிக்கில் அவர் இந்தியாவின் கேப்டன். வெண்கலம் வாங்கிய அந்தப் போட்டியில் தனியாளாக 10 கோல். அபிஷேக் 72 லட்சத்துக்கும், ஹர்திக் சிங் 70 லட்சத்துக்கும் போனார்கள். அர்ஜென்டினாவில் பிறந்து ஜெர்மனிக்கு ஆடும் பெய்யத் என்பவரை ஹைதராபாத் 68 லட்சத்துக்கு எடுத்தது. நம் தமிழ்நாடு டிராகன்ஸ் நெதர்லாந்தின் யிப் யான்சனுக்கு 54 லட்சமும், அமித் ரோஹிதாஸுக்கு 48 லட்சமும் கொடுத்தது.

இந்தப் பெயர்களைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் ஒன்று புரியும். ஹர்மன்பிரீத், பெய்யத், யான்சன், ரோஹிதாஸ் எல்லாரும் பெனால்டி கார்னர் அடிப்பவர்கள். கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி ஒருவன் பந்தைத் தள்ளிவிட, வட்டத்தின் உச்சியில் ஒருவன் நிறுத்த, மூன்றாமவன் மட்டையோடு பந்தை இழுத்துக்கொண்டே வந்து சுண்டிவிடுவதுதான் டிராக் ஃப்ளிக். அதைச் செய்யத் தெரிந்த ஆள் ஓர் அணிக்கு இருவர் இருந்தால் அதிகம். கிடைப்பது அரிது, அதனால் விலை. கூட்டத்துக்குள் ஓடி, நாலு பேரை ஏமாற்றி, பந்தை வட்டத்துக்குள் கொண்டுபோய் அந்தக் கார்னரை வாங்கித் தரும் பையன் விலைப்பட்டியலில் எங்கோ கீழே இருப்பான். இது நியாயமா என்று மாட்டுங்காவில் காப்பிக் கடை மேசையைச் சுற்றி உட்கார்ந்து சண்டை போடும் நண்பர்கள் எனக்கு உண்டு. பழைய லீக்கே இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டுதான் 2016-லும் 2017-லும் களத்தில் ஓடி அடித்த கோலுக்கு இரண்டு, கார்னர் கோலுக்கு ஒன்று என்று கணக்கை மாற்றிப் பார்த்தது. அந்த இரண்டு வருஷத்து ஸ்கோர்களை இன்றைக்குப் படிப்பவன் குழம்பிப்போவான்.

சரி, 78 லட்சம் ஒருவருக்கு. மற்றவர்களுக்கு?

இங்கேதான் அந்த அம்மாவிடம் விரல்விட்டு எண்ணினேன். அந்த ஏலத்தில் ஓர் ஆண்கள் அணி மொத்தம் நாலு கோடி ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது. ஆட்கள் 24 பேர். சமமாகப் பங்கிட்டால் தலைக்குப் பதினாறரை லட்சம் சொச்சம். ஆனால் எந்த வீட்டிலும் எந்த அணியிலும் சமமாகப் பங்கிடுவதில்லை. ஒருவருக்கு 78 போனால் மிச்சம் 23 பேருக்கு 3 கோடியே 22 லட்சம். அதில் எட்டுப் பேர் வெளிநாட்டுக்காரர்கள். அவர்களில் பலர் மலிவான ஆட்கள் இல்லை. கடைசியில் வரிசையின் அடியில் நிற்கும் பையனுக்கு அடிப்படை விலை 2 லட்சம். அடிப்படை விலை மூன்று தட்டு: 2, 5, 10 லட்சம். இளம் பையன்கள் பெரும்பாலும் முதல் தட்டில்தான் நிற்பார்கள்.

ஆனால் ஒரு நல்ல விதி இருந்தது. 24 பேரில் குறைந்தது நாலு பேர் ஜூனியராக இருக்க வேண்டும். எட்டு அணிக்கு நாலு என்றால் 32 இடம். பஞ்சாப், ஹரியானா, ஒடிசா, ஜார்க்கண்ட், மணிப்பூர், உத்தரப் பிரதேசம் என்று நாடு முழுக்க மட்டை தூக்கும் பையன்கள் அத்தனை பேரும் கண் வைத்திருந்தது இந்த 32 நாற்காலி மேல். அதில் ஏறி உட்கார்ந்து விலையும் பெற்றவர்கள் உண்டு. அரய்ஜீத் சிங் ஹுண்டலை ஜூனியராக இருக்கும்போதே கோனாசிகா அணி 42 லட்சத்துக்கு எடுத்தது. ஏலம் முடிந்த இரண்டு மாதத்துக்குள் மஸ்கட்டில் ஜூனியர் ஆசியக் கோப்பை இறுதி ஆட்டம்; பாகிஸ்தானை இந்தியா 5-3 என்று ஜெயித்தது; ஐந்தில் நாலு அவன் அடித்தது. அன்றைக்கு அவனை வாங்கினவர்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

பெண்கள் கணக்கு இன்னும் சின்னது. அணிக்கு இரண்டு கோடி. உச்ச விலை உதிதாவுக்கு, 32 லட்சம்.

"கிரிக்கெட்ல கோடியில எடுக்காவ" என்று பையன் முதல் தடவையாக வாயைத் திறந்தான். உண்மைதான். அதே 2024 நவம்பரில் ஐ.பி.எல். ஏலத்தில் வைபவ் சூர்யவன்ஷி என்ற பதின்மூன்று வயதுப் பையன் 1 கோடியே 10 லட்சத்துக்குப் போனான். அங்கே அப்போது ஓர் அணியின் பை 120 கோடி. இங்கே நாலு கோடி. இதை ஒப்பிட்டுப் பெருமூச்சு விட்டுப் பிரயோஜனம் இல்லை. கடலையும் கம்மாயையும் பக்கத்தில் வைத்து அளந்தால் கம்மாய்த் தண்ணீர் கூடிவிடுமா?

நான் அவருக்குச் சொல்ல நினைத்தது வேறு. ஏலத்தில் கிடைப்பது ஒரு காகிதம். ஹாக்கி ஆடுகிறவனுக்கு இன்னொரு காகிதம் உண்டு. மும்பையில் ஹாக்கி இத்தனை காலம் உயிரோடு இருந்ததே அந்த இரண்டாவது காகிதத்தால்தான்.

அதற்கு தன்ராஜ் பிள்ளையின் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். புனேக்குப் பக்கம் கட்கி, அங்கே ராணுவத் தளவாடத் தொழிற்சாலைக் குடியிருப்பு. தமிழ்க் குடும்பம், அப்பா நாகலிங்கம் மைதானத்தைப் பராமரிப்பவர். அண்ணன் தம்பிகள் எல்லாம் ஒடிந்த மட்டையைச் சுற்றிக்கட்டி ஆடி வளர்ந்தவர்கள். அண்ணன் ரமேஷ் முதலில் மும்பைக்கு வந்தார். எங்கே? இதே செம்பூரில் இருக்கும் ஆர்.சி.எஃப். உரக் கம்பெனி அணிக்கு. மும்பை லீக்கில் அந்த அணிக்கு ஆடினார், இந்தியாவுக்கும் ஆடினார். 80-களின் நடுவில் தம்பி தன்ராஜ் அவரைத் தேடி வந்து சேர்ந்தார். அண்ணன் கண்ணெதிரே ஓடிப் பழகினார். பிறகு மஹிந்திரா அணி, அங்கே ஜோகிம் கார்வாலோவின் பயிற்சி. அதன்பின் இந்தியன் ஏர்லைன்ஸ். 1989 ஆசியக் கோப்பையில் இந்தியச் சட்டை. நாலு ஒலிம்பிக், நாலு உலகக் கோப்பை, நாலு ஆசியப் போட்டி, 339 ஆட்டம். எத்தனை கோல் என்று கேட்டால் அதிகாரபூர்வமான கணக்கே கிடையாது! இன்றைக்கு ஒரு பையன் எத்தனை கோல் என்பதை வைத்தே தூக்கிவைத்தும் கீழே போட்டும் பேசுகிற எங்கள் கூட்டத்துக்கு இதை அடிக்கடி நினைவூட்டுவேன்.

கவனித்தீர்களா, இந்தக் கதையில் ஏலம் எங்கும் இல்லை. கம்பெனிதான் இருக்கிறது. அண்ணனுக்கு ஒரு கம்பெனி, தம்பிக்கு ஒரு கம்பெனி. ரயில்வே, பாரத் பெட்ரோலியம், சுங்கத் துறை, போர்ட் டிரஸ்ட், டாடா, ஏர் இந்தியா என்று பம்பாயில் ஹாக்கி அணி வைத்திருந்த இடங்கள் ஒரு காலத்தில் ஏராளம். காலையில் ஆட்டம், மத்தியானம் ஆபீஸ், மாதம் பிறந்தால் சம்பளம். ஆட்டம் முடிந்த வயதிலும் நாற்காலி இருக்கும். ஒப்பந்தம் என்ற வார்த்தையே அப்போது புழங்கவில்லை, "வேலை கிடைச்சிருச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

தன்ராஜ் வெளிநாட்டு கிளப்புகளுக்கும் ஆடினார். லண்டன் இந்தியன் ஜிம்கானா, பிரான்ஸில் லியோன், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட், மலேசியா, டாக்காவில் அபாஹானி. அவையெல்லாம் பருவகால வேலை, நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் போவது மாதிரி. திரும்பி வந்தால் சொந்த வயல் இங்கேதான்.

அந்தக் காகிதத்தின் அருமை அவருக்கே 1998-இல் தெரிந்திருக்கும். பாங்காக் ஆசியப் போட்டியில் தென் கொரியாவை ஷூட்-அவுட்டில் ஜெயித்து இந்தியா தங்கம் வாங்கியது. 1966-க்குப் பிறகு, 32 வருஷம் கழித்து வந்த தங்கம். கேப்டன் தன்ராஜ். திரும்பி வந்ததும் கேப்டனையும் வேறு சில மூத்தவர்களையும் அணியிலிருந்து தூக்கினார்கள். ஆடும் இடம் போனது. வேலை போகவில்லை.

லீக்குகளின் சரித்திரத்தையும் பாருங்கள். 2005-இல் பிரீமியர் ஹாக்கி லீக். மராத்தா வாரியர்ஸும் சென்னை வீரன்ஸும் ஆடின. 2008-ஓடு சரி. 2012-இல் வேர்ல்டு சீரிஸ் ஹாக்கி. மும்பைக்கு ஓர் அணி, சென்னைக்கு ஓர் அணி. ஒரே ஒரு வருஷம். 2013-இல் ஹாக்கி இந்தியா லீக் வந்தது. மும்பை மஜிஷியன்ஸ் வந்தார்கள், போனார்கள். அந்த இடத்தில் தபங் மும்பை வந்தது. ஹர்மன்பிரீத் மீசை முளைக்கும் வயதில் ஆடியது அந்த அணிக்குத்தான், சர்ச்கேட் ஸ்டேஷனை ஒட்டின ஸ்டேடியத்தில்தான். 2017-இல் இறுதி ஆட்டம் வரை போய் கலிங்கா லான்சர்ஸிடம் தோற்றார்கள். அத்தோடு லீக்கே படுத்துவிட்டது. 2024-இல் திரும்ப எழுந்தபோது எட்டு ஆண்கள் அணியில் மும்பைக்கு ஒன்றுகூட இல்லை. அதனால் தாராவியும் செம்பூரும் இப்போது தமிழ்நாடு டிராகன்ஸுக்குக் கை தட்டுகின்றன. முதல் வருஷம் நாலாவது இடம் வந்தார்கள்.

இருபது வருஷத்தில் மூன்று லீக் பிறந்து மறைந்து ஒன்று மறுபிறவி எடுத்திருக்கிறது. அதே இருபது வருஷத்தில் ரயில்வே ஒரு மாதமாவது சம்பளம் போடாமல் இருந்ததா?

இப்போது கணக்கைச் சேர்த்து வையுங்கள் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். இட்லிக் கணக்குப் போடுகிறவருக்கு இது பெரிய விஷயமில்லை. அந்த ஏலத்தில் முதல் தட்டு அடிப்படை விலைக்குப் போன பையனுக்கு ஒரு சீசனுக்கு 2 லட்சம். அந்த சீசன் சுமார் ஐந்து வாரம். ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இரண்டாம் நிலை வேலையில் சேருகிறவனின் அடிப்படைச் சம்பளம் மாதம் 19,900. பன்னிரண்டு மாதத்துக்கு 2,38,800. பஞ்சப்படி, வீட்டுவாடகைப்படி, இலவசப் பாஸ் எல்லாம் தனி. அறுபது வயது வரை. லீக் அழைக்கும்போது போய் ஆடிவிட்டும் வரலாம்.

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப ரெண்டாவதுதான் பெருசு."

இந்திய அணிக்கு ஆடினால்கூட ஹாக்கியில் கிரிக்கெட் மாதிரி வருஷச் சம்பள கிரேடு கிடையாது. 2011-இல் சீனாவில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில் பாகிஸ்தானை ஜெயித்து வந்த பையன்களுக்குத் தலைக்கு 25,000 ரூபாய் அறிவித்தார்கள். வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள். அந்த அணியில் மரைன் லைன்ஸில் மின்சாரம்கூட இல்லாத குடிசையில் வளர்ந்த நம்ம மும்பைப் பையன் யுவராஜ் வால்மீகியும் இருந்தார். பிறகு நிலைமை தேறியது. 2022 முதல் ஒவ்வொரு வெற்றிக்கும் ஆளுக்கு 50,000 என்று ஹாக்கி இந்தியா அறிவித்தது. அரசின் ஒலிம்பிக் திட்டத்தில் தேர்வானவர்களுக்கு மாதம் 50,000 உதவித்தொகை. ஆனால் இவையெல்லாம் அணியில் இருக்கும் வரைதான்.

இரண்டாவது காகிதமும் இப்போது முன்னைப்போல மலிந்து கிடக்கவில்லை என்பதை மறைக்கக் கூடாது. மஹிந்திரா அணி என்று இன்று எந்தப் பையனும் கனவு காண்பதில்லை. ஏர் இந்தியா இளம் பையன்களை உதவித்தொகை கொடுத்து எடுத்து வளர்த்த இடம். 2022 ஜனவரியில் அது டாடாவிடம் போனது, அரசு வேலை என்ற அந்தக் கதவு அத்தோடு சாத்தியது. ரயில்வே, ராணுவம், போலீஸ், எண்ணெய்க் கம்பெனிகள், வருமான வரி, சில வங்கிகள் மிச்சம்.

"இவன் எப்பிடி ஆடுதான் அண்ணாச்சி? நீங்க பாத்தீயள்லா?"

பார்த்திருந்தேன். ஒரு பள்ளிக்கூட ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தான். அந்த மூன்றைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. பையனுக்கு முகம் சுருங்கியது. அதனால் அவனிடமே திரும்பி விளக்கினேன்.

பதினைந்து வயதில் கோல் அடிப்பவன் யார்? பெரும்பாலும் சீக்கிரம் உயரம் போட்டவன், சீக்கிரம் வேகம் வந்தவன். மற்றவர்களும் வளர்ந்து வந்து பக்கத்தில் நிற்கும்போது அந்த முன்னிலை கரைந்துவிடும். கரையாதது வேறு சில உண்டு. பந்து வருமுன் தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்க்கிறானா? பந்து மட்டையில் பட்டதும் செத்து நிற்கிறதா, இல்லை ஒரு முழம் துள்ளுகிறதா? டர்ஃப் மேல் தண்ணீர் தெளித்திருக்கும்போது பந்து சறுக்கிக்கொண்டு வரும். மண்ணில் பழகின கைக்கு அது பிடிபட மாதங்கள் ஆகும். பந்தைப் பறிகொடுத்த பிறகு அடுத்த ஐந்து வினாடி என்ன செய்கிறான்? இடுப்பில் கை வைத்து நிற்கிறானா, திரும்பி ஓடுகிறானா? நான் கடைசியாகச் சொன்னதைத்தான் முதலில் பார்ப்பேன். இவன் திரும்பி ஓடுகிறவன். அதைச் சொன்னேன். மூன்று கோலைவிட அதுதான் பெரிது என்றேன். அவன் நம்பினதாகத் தெரியவில்லை.

ஜூனியரில் ஜொலித்தால் சீனியரில் இடம் உறுதி என்பதும் தப்புக்கணக்கு. 2016 டிசம்பரில் லக்னோவில் இந்தியப் பையன்கள் பெல்ஜியத்தை 2-1 என்று ஜெயித்து ஜூனியர் உலகக் கோப்பையைத் தூக்கினார்கள். அந்த அணியிலிருந்து டோக்கியோ வெண்கலம் வரை போனவர்கள் ஏழு பேர்: ஹர்மன்பிரீத், மன்தீப், சிம்ரன்ஜீத், குர்ஜந்த், சுமித், நீலகண்ட சர்மா, வருண் குமார். பதினெட்டில் ஏழு என்பது மிக நல்ல விளைச்சல், சந்தேகமில்லை. ஆனால் கோப்பையைக் கையில் வாங்கின கேப்டன் ஹர்ஜீத் அந்த ஏழில் இல்லை. லாரி ஓட்டுநரின் மகன். அவர் கதையைப் படமாகவே எடுத்தார்கள். ஒலிம்பிக் மட்டும் கிடைக்கவில்லை.

சிம்ரன்ஜீத் கதை இதற்கு நேர் எதிர். டோக்கியோவுக்கு அறிவித்த பதினாறு பேரில் அவர் பெயர் கிடையாது. மாற்று ஆளாகக் கூடப் போனவர். கொரோனா காலம் என்பதால் மாற்று ஆட்களையும் களமிறக்கலாம் என்று விதி தளர்ந்தது. 2021 ஆகஸ்ட் 5, வெண்கலத்துக்கான ஆட்டம், எதிரே ஜெர்மனி. இந்தியா 5-4. அதில் இரண்டு சிம்ரன்ஜீத் அடித்தது. 41 வருஷம் கழித்து வந்த ஒலிம்பிக் பதக்கத்தில் பட்டியலிலேயே இல்லாதவன் பங்கு இவ்வளவு. இதற்குப் பிறகும் மாட்டுங்கா மேசையில் எவனாவது ஒரு பத்தொன்பது வயதுப் பையனைப் பற்றி "இவன் தேற மாட்டான்" என்று அடித்துச் சொன்னால் நான் காப்பியை முடித்துக்கொண்டு எழுந்துவிடுவேன்.

2025 நவம்பர், டிசம்பரில் நம் சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் உலகக் கோப்பை நடந்ததல்லவா? அரையிறுதியில் ஜெர்மனி 5-1 என்று நம்மைத் துவைத்தது. மறுநாளே எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் அந்தப் பையன்களை எழுதித் தள்ளிவிட்டார்கள். வெண்கலத்துக்கு அர்ஜென்டினாவோடு ஆட்டம், அதிலும் 0-2. கடைசி கால்பகுதியில் நாலு கோல், நாலும் நாலு பேர். 4-2. எனக்கு அதில் பிடித்தது இதுதான்: எவன் ஒருவன் மேலும் அந்த ஆட்டம் சாய்ந்து நிற்கவில்லை. பயிற்சியாளர் ஸ்ரீஜேஷ் வளர்த்த பிள்ளைகள்.

"நம்ம ஊருப் பையன் ஒருத்தன் ஆடினானே?" என்றார் அம்மா. கார்த்தி செல்வத்தைச் சொல்கிறார். அரியலூர்க்காரர், ஆனால் மட்டை செதுக்கப்பட்டது கோவில்பட்டி விளையாட்டு விடுதியில். கூடவே மாரீஸ்வரன் சக்திவேல், அவர் கோவில்பட்டியேதான். தமிழ்நாட்டிலிருந்து இந்திய அணிக்கு ஆள் போய் வெகுகாலம் ஆகியிருந்த நிலையில் 2022 ஆசியக் கோப்பைக்கு ஜகார்த்தா போனார்கள். முதல் ஆட்டமே பாகிஸ்தான்; 1-1. அந்த ஒன்று கார்த்தி அடித்தது. அடுத்த வருஷம் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை, மலேசியாவை 4-3 என்று வென்ற அணியிலும் இருந்தார். அதற்கடுத்த வருஷம் பாரிஸ். அந்தப் பட்டியலில் இடமில்லை. ஏறுவதும் இறங்குவதும் இந்த ஆட்டத்தில் இவ்வளவு வேகம். கீழே பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்க வேண்டும்.

அப்போதுதான் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சீட்டை எடுத்தார். யாரோ ஒருவர் வந்தாராம். பையனை லீக் அணியில் சேர்த்துவிடுகிறேன், ஒப்பந்தம் வாங்கித் தருகிறேன், முன்பணமாக முப்பதாயிரம் கட்டுங்கள் என்றாராம். 78 லட்சம் என்ற எண்ணையும் அவர்தான் காதில் போட்டிருக்கிறார்.

சீட்டில் ஒரு போன் நம்பரும், ஆங்கிலத்தில் இரண்டு வரியும், யாருடையதோ ஒரு கையெழுத்தும் இருந்தன. ஏலம் என்றால் அணி பையனுக்குப் பணம் கொடுக்கும். பையன் வீட்டில் வாங்காது என்று மட்டும் சொன்னேன். மேற்கொண்டு விளக்கத் தேவைப்படவில்லை. பத்து வருஷம் தாராவியில் வட்டிக்காரர்களைச் சமாளித்தவர். சீட்டைத் திரும்பவும் முடிச்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டார். "இருக்கட்டும், அந்தாளு மறுபடி வருவாம்லா."

"பெறகு என்னதான் பண்ணணும்?"

மூன்றாவது காகிதம் என்றேன். ஒதுக்கீட்டு வேலைக்கு விளம்பரம் வரும்போது முதலில் கேட்பது எந்தப் போட்டியில் ஆடினாய், சான்றிதழ் எங்கே என்று. மாவட்டம், மாநிலம், தேசியம் எதில் ஆடினாலும் அந்தத் தாளை மழையில் நனையாமல் வைக்க வேண்டும். தாராவியில் ஜூலை மாதம் அது சின்ன வேலை இல்லை. அடுத்து கேட்பது மார்க் சீட்டு. ரயில்வேயில் கடைசி நிலைக்கு பத்தாம் வகுப்பு பாஸ், இரண்டாம் மூன்றாம் நிலைக்கு பன்னிரண்டு, அதற்கு மேல் பட்டம். வயது 18 முதல் 25 வரைதான். அதில் சலுகை கிடையாது. நூறு கோல் அடித்தவனும் பத்தில் கோட்டைவிட்டால் அந்த வாசலில் நிற்க முடியாது. ஊரில் போய் விடுதியில் சேர்ந்து ஆட நினைத்தாலும் அதே கதைதான். தமிழ்நாட்டு விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11 ஆகிய வகுப்புகளில்தான் சேர்க்கை. பத்தைத் தாண்டினால்தான் பதினொன்று.

அம்மா பையன் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்த பிறகு டிராக் ஃப்ளிக்குக்கு எந்த மட்டை வளைவு சரி, சூர்மா அணியில் யார் யார், அர்ஜென்டினா ஆட்டத்தில் கடைசி கோலை அடித்தது யார் என்று எல்லாவற்றுக்கும் என்னை முந்திக்கொண்டு பதில் சொல்லிக்கொண்டிருந்தவன் அவன்.

"ஏலே, போன பரிச்சையில கணக்குல எத்தன?"

அவன் குனிந்து, அவிழாத ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டத் தொடங்கினான்.